மாரடைப்பு சிகிச்சையின்போது இதயத் தசையைக் காக்கும் மருந்துகள்: அரை நூற்றாண்டுச் சோதனைகள் உணர்த்துவது என்ன?

மாரடைப்புடன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுபவரின் அடைபட்ட இதயத் தமனியை மருத்துவர்கள் திறந்துவிடுகின்றனர். ரத்த ஓட்டம் மீள்கிறது, உயிர் காப்பாற்றப்படுகிறது. ஆனால், மீண்டும் பாயும் அதே ரத்தம், அதுவரை தாக்குப்பிடித்திருந்த இதயத் தசைச் செல்களில் ஒரு பகுதியை அழித்தும் விடுகிறது. இந்த இழப்பைத் தடுக்கும் மருந்தைத் தேடி சுமார் 50 ஆண்டுகளாக உலகின் பல நாடுகளில் சோதனைகள் நடைபெற்று வருகின்றன. விலங்குகளிடம் வெற்றி பெற்ற மருந்துகள் பல. ஆனால், ரத்தம் திரும்பும்போது ஏற்படும் பாதிப்பைத் தடுப்பதற்கென்றே உருவாக்கப்பட்டு, மனித உயிரிழப்பைக் குறைப்பதாக உறுதி செய்யப்பட்டு, வழக்கமான சிகிச்சையில் இடம்பெற்ற மருந்து இதுவரை ஒன்றுமில்லை. இந்தத் தேடல் எவ்வாறு நடந்தது, எங்கே தடைபட்டது, நோயாளிகளுக்கு அது எதை உணர்த்துகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தமனி அடைபட்டால் நிகழ்வது என்ன?

இதயம் தனக்குத் தேவையான பிராண வாயுவைக் கரோனரி தமனிகள் எனப்படும் ரத்தக் குழாய்கள் வழியாகப் பெறுகிறது. இத்தமனிகளின் உட்சுவரில் படிந்துள்ள கொழுப்புப் படிமம் வெடித்து, அதன் மீது ரத்தம் உறைந்து குழாயை முற்றிலும் அடைக்கும்போது கடுமையான மாரடைப்பு ஏற்படுகிறது.

அடைப்பு ஏற்பட்ட உடனேயே தசை முழுவதும் இறந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்களான ரெய்மர், ஜென்னிங்ஸ் உள்ளிட்டோர் 1977-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவுபடுத்தியது. நாய்களின் இதயத் தமனியை வெவ்வேறு கால அளவுகளுக்கு அடைத்து அவர்கள் மேற்கொண்ட பரிசோதனையில், தசைச் செல்களின் மரணம் இதயச் சுவரின் உட்புறத்தில் தொடங்கி, அலைபோல வெளிப்புறம் நோக்கிப் பரவுவது தெரிய வந்தது. அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் மீட்கக்கூடிய தசையின் அளவு குறைந்துகொண்டே செல்கிறது. 'நேரமே தசை' என்று இதய மருத்துவர்கள் கூறுவதன் அடிப்படை இதுவே.

இறந்த இதயத் தசை மீண்டும் வளர்வதில்லை. அந்த இடத்தில் தழும்பு உருவாகிறது. தழும்பின் பரப்பு அதிகமாக இருந்தால் இதயம் போதிய ரத்தத்தை வெளியேற்ற இயலாமல், பிற்காலத்தில் இதயச் செயலிழப்பு ஏற்படும் அபாயம் கூடுகிறது. மாரடைப்பில் உயிர் பிழைத்தவர் பின்னர் மாடிப்படி ஏற இயலுமா, வேலைக்குத் திரும்ப இயலுமா என்பதைத் தீர்மானிப்பதில் இத்தழும்பின் அளவுக்குப் பெரும் பங்கு உண்டு.

தமனியைத் திறந்ததே முதல் வெற்றி

ரத்த உறைவைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தினால் உயிரிழப்பு குறையும் என்பதை இத்தாலியில் சுமார் 11,700 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1986-இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற அம்மருந்தைப் பெற்றவர்களில் 21 நாள்களுக்குள் உயிரிழந்தோர் 10.7 சதவீதம், பெறாதவர்களில் 13 சதவீதம்.

இதைத் தொடர்ந்து 17,187 பேர் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வின் முடிவுகள் 1988-இல் வெளியாகின. ஆஸ்பிரின், ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஆகிய இரண்டையும் பெற்றவர்களில் 5 வாரங்களுக்குள் இதயம் மற்றும் ரத்தநாளக் காரணங்களால் உயிரிழந்தோர் 8 சதவீதம். இரண்டையும் பெறாதவர்களில் இது 13.2 சதவீதமாக இருந்தது. பின்னர், அடைப்பை பலூன் மூலம் விரித்து ஸ்டென்ட் பொருத்தும் ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சை, உரிய நேரத்தில் செய்ய வாய்ப்புள்ள இடங்களில் முதன்மைச் சிகிச்சையாக மாறியது.

தமனியைத் திறப்பது உயிரைக் காக்கும் என்பது உறுதியானது. அதன் பிறகே, திறக்கும் தருணத்தில் ஏற்படும் இழப்பையும் தடுக்க இயலுமா என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

ரத்தம் திரும்பும்போது ஏற்படும் பாதிப்பு

பிராண வாயு இன்றித் தவித்த செல்களுக்கு அது திடீரெனக் கிடைக்கும்போது, தீங்கு விளைவிக்கும் வேதிப்பொருள்கள் பெருமளவில் உருவாகின்றன. செல்களுக்குள் கால்சியம் அளவுக்கு மீறிச் சேர்கிறது. செல்லின் ஆற்றல் உற்பத்தி மையமான மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில், சாதாரண நிலையில் மூடியிருக்கும் ஒரு துளை திறந்துகொள்கிறது. அத்துளை திறந்தபடி நீடித்தால் ஆற்றல் உற்பத்தி நின்று செல் இறந்துவிடுகிறது. இவை அனைத்தும் ரத்த ஓட்டம் மீண்ட முதல் சில நிமிடங்களில் நிகழ்ந்து முடிகின்றன. நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபடுதல், அழற்சி போன்றவை அடுத்த சில மணி நேரங்களில் தொடர்கின்றன.

விலங்கு ஆய்வுகளின் அடிப்படையில், மாரடைப்பில் இறுதியாக இறக்கும் தசையில் பாதி வரை இந்த இரண்டாம் கட்டப் பாதிப்பால் இறந்திருக்கக்கூடும் என்று லண்டனைச் சேர்ந்த ஆய்வாளர்களான யெல்லன், ஹாசன்லாய் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட கட்டுரையில் குறிப்பிட்டிருந்தனர். அந்தக் கணிப்பு சரியெனில், தமனியைத் திறக்கும் தருணத்தில் தரப்படும் ஒரே ஊசி மருந்தின் மூலம் பெருமளவு தசையைக் காப்பாற்ற இயலும். இந்த எதிர்பார்ப்பே பல சோதனைகளுக்கு உந்துதலாக அமைந்தது.

ஆய்வகத்தில் பிறந்த நம்பிக்கை

இதயத் தசைக்குத் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் உண்டு என்பதை 1986-இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நாய்களின் தமனியை 5 நிமிடம் அடைத்து 5 நிமிடம் திறந்துவிடுவதை 4 முறை செய்த பின்னர், அதே தமனியை 40 நிமிடங்களுக்குத் தொடர்ந்து அடைத்தனர். இவ்வாறு முன்கூட்டியே பழக்கப்படுத்தப்பட்ட இதயங்களில் இறந்த தசையின் அளவு, பழக்கப்படுத்தப்படாதவற்றில் இருந்ததில் நான்கில் ஒரு பங்காக மட்டுமே இருந்தது.

மாரடைப்பு எப்போது வரும் என்பது எவருக்கும் தெரியாது என்பதால், இந்த முறையை அப்படியே நோயாளிகளிடம் பயன்படுத்த இயலாது. எனவே, இதே பாதுகாப்பை அளிக்கும் மருந்து ஏதேனும் உண்டா என்ற தேடல் தொடங்கியது.

சைக்ளோஸ்போரின்: 58 பேரிடம் வெற்றி, 970 பேரிடம் தோல்வி

உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின்னர் புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருப்பதற்காக வழங்கப்படும் மருந்து சைக்ளோஸ்போரின். இது மைட்டோகாண்ட்ரியாவின் துளை திறப்பதைத் தடுக்கும் தன்மை கொண்டது. பிரான்ஸில் 58 நோயாளிகளிடம், ஆஞ்சியோபிளாஸ்டிக்குச் சற்று முன்பாக இம்மருந்தைச் செலுத்தி மேற்கொள்ளப்பட்ட ஆய்வு 2008-இல் வெளியானது. தசைச் சிதைவைக் காட்டும் ஒரு நொதியின் வெளியேற்றம் கணிசமாகக் குறைந்திருந்தது. எம்ஆர்ஐ பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்ட 27 பேரில், மருந்து பெற்றவர்களின் இறந்த தசை இடைநிலை அளவாக 37 கிராம். பெறாதவர்களுக்கு 46 கிராம். எனினும், தசைச் சிதைவின் மற்றொரு அளவுகோலான ட்ரோபோனினில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இந்த முடிவு பெரும் எதிர்பார்ப்பை உருவாக்கியது. அடுத்ததாக 970 நோயாளிகள் சேர்க்கப்பட்ட பெரிய ஆய்வின் முடிவுகள் 2015-இல் வெளியாகின. மரணம், இதயச் செயலிழப்பு மோசமடைதல், அதற்காக மீண்டும் மருத்துவமனையில் அனுமதிக்கப்படுதல், இதயத்தின் இடது கீழறை விரிவடைதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஓராண்டுக்குள் நிகழ்ந்ததா என்று கணக்கிடப்பட்டது. மருந்து பெற்றவர்களில் 59 சதவீதத்தினருக்கும், போலி மருந்து பெற்றவர்களில் 58.1 சதவீதத்தினருக்கும் அவ்வாறு நிகழ்ந்திருந்தது. இத்தாலியில் 410 பேரிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்விலும் பலன் தென்படவில்லை.

கையில் கட்டும் பட்டையும் கைகொடுக்கவில்லை

மருந்து இல்லாமலேயே பாதுகாப்பு அளிக்கும் முறை ஒன்றும் சோதிக்கப்பட்டது. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, 5 நிமிடம் இறுக்கி 5 நிமிடம் தளர்த்துவதை 4 முறை செய்தால், உடலில் உருவாகும் சமிக்ஞைகள் தொலைவில் உள்ள இதயத்தையும் காக்கும் என்பதே இதன் அடிப்படை. டென்மார்க்கில் நோயாளிகளை ஆம்புலன்ஸில் கொண்டுவரும்போதே இதைச் செய்து 2010-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், காப்பாற்றப்பட்ட தசையின் பங்கு கூடியிருந்தது.

ஆனால், பிரிட்டன், டென்மார்க், ஸ்பெயின், செர்பியா ஆகிய நாடுகளில் 5,401 பேரிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வு வேறு முடிவைத் தந்தது. ஓராண்டுக்குள் இதய நோயால் மரணம் அல்லது இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் அனுமதி என்ற நிலை, பட்டை கட்டப்பட்டவர்களில் 9.4 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 8.6 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டது. இவ்வேறுபாடு புள்ளியியல் ரீதியாகப் பொருட்படுத்தத்தக்கது அல்ல. அதாவது, பலன் இல்லை.

மெட்டோபுரோலால்: ஒரே மருந்து, மூன்று முடிவுகள்

இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபுரோலால் விலை குறைந்தது. நீண்டகாலமாகப் புழக்கத்தில் உள்ளது. இதயச் சுவரின் முன்பகுதியில் மாரடைப்பு ஏற்பட்ட 270 பேரிடம் ஸ்பெயினில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், ஆஞ்சியோபிளாஸ்டிக்கு முன்பாக இதை ஊசி மூலம் பெற்றவர்களின் இறந்த தசை சராசரியாக 25.6 கிராமாகவும், பெறாதவர்களுக்கு 32 கிராமாகவும் இருந்தது.

மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் 683 பேரிடம் நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. இடது கீழறையில் இறந்த தசையின் பங்கு மருந்து பெற்றவர்களுக்கு 15.3 சதவீதம், பெறாதவர்களுக்கு 14.9 சதவீதம். இரு ஆய்வுகளிலும் மருந்தின் அளவும் அது செலுத்தப்பட்ட நேரமும் ஒன்றாக இல்லை.

இவற்றுக்கு முன்பே, சீனாவில் 45,852 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட மாபெரும் ஆய்வு 2005-இல் ஓர் எச்சரிக்கையை விடுத்திருந்தது. மெட்டோபுரோலாலை முதலில் ஊசியாகவும் பின்னர் மாத்திரையாகவும் பெற்றவர்களில், 1,000 பேருக்கு 5 பேர் வீதம் மீண்டும் மாரடைப்பு வருவது தவிர்க்கப்பட்டது. உயிருக்கு ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறும் ஏறத்தாழ அதே அளவில் குறைந்தது. ஆனால், ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும் இதய அதிர்ச்சி நிலை 1,000 பேருக்கு 11 பேர் வீதம் கூடியது. மொத்த உயிரிழப்பு குறையவில்லை. ஒரு பக்கம் காக்கும் மருந்து மறுபக்கம் பாதிக்கவும் கூடும் என்பதற்கு இந்த ஆய்வு சான்றாக உள்ளது.

இந்திய நோயாளிகள் பங்கேற்ற ஆய்வு

குளுக்கோஸ், இன்சுலின், பொட்டாசியம் ஆகியவை கலந்த கரைசல், தவிக்கும் இதயத் தசைக்கு எளிதில் ஆற்றல் அளிக்கும் என்ற கருத்து 1960-களிலிருந்தே நிலவி வந்தது. சிறிய ஆய்வுகள் பல அதற்குச் சாதகமாக இருந்தன. விலை மிகக் குறைவு என்பதால், வளரும் நாடுகளுக்கு இது பெரும் வரமாக அமையும் என்று கருதப்பட்டது.

இந்தியா, சீனா உள்ளிட்ட நாடுகளின் மருத்துவமனைகளில் 20,201 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு 2005-இல் விடை தந்தது. 30 நாள்களுக்குள் உயிரிழந்தோர், கரைசல் பெற்றவர்களில் 10 சதவீதம், பெறாதவர்களில் 9.7 சதவீதம். பலன் இல்லை என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது.

மாரடைப்பு நோயாளிகள் அனைவருக்கும் பிராண வாயு செலுத்தும் நெடுநாள் வழக்கமும் இவ்வாறே சோதனைக்கு உள்ளானது. ரத்தத்தில் போதிய பிராண வாயு இருந்த 6,629 பேரிடம் ஸ்வீடனில் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு உயிரிழப்பு பிராண வாயு பெற்றவர்களில் 5 சதவீதமாகவும், பெறாதவர்களில் 5.1 சதவீதமாகவும் இருந்தது. வழக்கத்தில் இருப்பதாலேயே ஒரு சிகிச்சை பலன் தருகிறது என்று கொள்ள இயலாது என்பதை இது காட்டியது.

தோல்விக்குக் காரணங்கள்

ஆய்வகத்தில் வென்ற மருந்துகள் மருத்துவமனையில் தோற்பதற்கு ஆய்வாளர்கள் பல காரணங்களை முன்வைக்கின்றனர்.

முதலாவது, சோதனைக்கு உட்படுத்தப்படும் விலங்குகள் பெரும்பாலும் இளமையும் ஆரோக்கியமும் உடையவை. மாரடைப்பு நோயாளிகளோ பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள். நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு ஏற்கெனவே மருந்து உட்கொள்பவர்கள். இந்நோய்களும் மருந்துகளும் இதயத்தின் பாதுகாப்பு வழிமுறைகளை மாற்றிவிடக்கூடும்.

இரண்டாவது, நேரம். பாதிப்பு முதல் சில நிமிடங்களிலேயே நிகழ்வதால், தமனி திறக்கும் நொடியில் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். ஆனால், அடைபட்ட தமனிக்கு அப்பால் உள்ள தசையை, அடைப்பு நீங்கும் வரை ரத்தத்தின் வழியே மருந்து போதிய அளவில் சென்றடைய இயலாது. சிலருக்கு மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே ரத்த உறைவு தானாகக் கரைந்து தமனி ஓரளவு திறந்திருப்பதும் உண்டு.

மூன்றாவது, காப்பாற்றுவதற்கு எஞ்சியிருக்கும் தசையின் அளவு. மிக விரைவில் வருபவர்களுக்குத் தசை இழப்பு குறைவாக இருப்பதால் மருந்தின் கூடுதல் பலன் வெளிப்படுவதில்லை. மிகத் தாமதமாக வருபவர்களுக்குக் காப்பாற்றத் தசையே மிஞ்சியிருப்பதில்லை.

நான்காவது, எண்ணிக்கை. நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் உயிரிழப்பு ஏற்கெனவே குறைந்துள்ளது. எடுத்துக்காட்டாக, 100 பேருக்கு 4 பேர் என்ற உயிரிழப்பை 3 ஆகக் குறைக்கும் மருந்தின் பலனை நம்பகமாக நிரூபிக்க, 10,000-க்கும் மேற்பட்டோரை ஆய்வில் சேர்க்க வேண்டியிருக்கும். 50 அல்லது 100 பேரிடம் நடத்தப்படும் ஆய்வில் காணப்படும் வேறுபாடு தற்செயலானதாக இருப்பதற்கான வாய்ப்பு அதிகம்.

நொதியின் அளவு குறைந்தது, எம்ஆர்ஐ படத்தில் தழும்பு சிறிதாகத் தெரிந்தது என்பவை நம்பிக்கையூட்டும் அறிகுறிகள் மட்டுமே. நோயாளி உயிருடன் இருக்கிறாரா, இதயச் செயலிழப்பின்றி வாழ்கிறாரா என்பதே இறுதி அளவுகோல். 'மாரடைப்புப் பாதிப்பைத் தடுக்கும் புதிய மருந்து' என்று வெளியாகும் செய்திகளைப் படிக்கும்போது, சோதனை விலங்குகளிடம் நடந்ததா மனிதர்களிடம் நடந்ததா, எத்தனை பேரிடம் நடந்தது, எது அளக்கப்பட்டது என்ற மூன்றையும் கவனிப்பது அவசியமாகும்.

நிமிடங்களில் பெற வேண்டிய சம்மதம்

மற்ற மருந்துச் சோதனைகளில் இல்லாத ஒரு சிக்கல் இங்கு உண்டு. நெஞ்சு வலியால் துடிக்கும் நோயாளியிடம், பல பக்கங்கள் கொண்ட படிவத்தை விளக்கிச் சம்மதம் பெறச் சில நிமிடங்களே இருக்கும். அதற்காகச் சிகிச்சையைத் தாமதப்படுத்தினால், மருந்து காக்கும் தசையைவிடத் தாமதத்தால் இழக்கும் தசை அதிகமாகிவிடும்.

இந்தியாவில் புதிய மருந்துகளின் சோதனைகள், 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி நடத்தப்படுகின்றன. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், பங்கேற்பவரின் எழுத்துபூர்வமான சம்மதமும் கட்டாயமாகும். நோயாளி சம்மதம் தெரிவிக்க இயலாத நிலையில் இருந்தால், சட்டம் ஏற்கும் அவரது பிரதிநிதியிடம் சம்மதம் பெறலாம். சோதனையால் பாதிப்பு ஏற்பட்டால் இழப்பீடு வழங்கவும் விதிகள் வழிவகை செய்கின்றன. மருத்துவப் பரிசோதனைகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நடத்தும் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்வது 2009 ஜூன் 15 முதல் கட்டாயமாக்கப்பட்டது. இப்பதிவேட்டை இணையத்தில் எவரும் பார்வையிடலாம்.

சோதனையில் சேர மறுப்பதும், சேர்ந்த பின்னர் விலகிக்கொள்வதும் நோயாளியின் உரிமை. அதனால் வழக்கமான சிகிச்சை நிறுத்தப்படக் கூடாது.

இந்தியாவில் கைவசம் உள்ள 'மருந்து'

இதயத்தைக் காக்கும் புதிய மருந்து நாளையே கிடைத்தாலும், அது பயன்பட வேண்டுமெனில் நோயாளி உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைந்திருக்க வேண்டும். இந்தியாவில் 20,468 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2008-இல் வெளியான ஆய்வு கவலைக்குரிய உண்மை ஒன்றை வெளிப்படுத்தியது. கடுமையான மாரடைப்பு ஏற்பட்டவர்கள், அறிகுறி தொடங்கியதிலிருந்து மருத்துவமனையை அடைய எடுத்துக்கொண்ட நேரம் இடைநிலை அளவாக 360 நிமிடங்கள், அதாவது 6 மணி நேரம். மருத்துவமனையை அடைந்த பின்னர் ரத்த உறைவைக் கரைக்கும் மருந்து செலுத்த ஆன நேரம் 50 நிமிடங்கள் மட்டுமே. இழப்பின் பெரும்பகுதி மருத்துவமனை வாசலுக்கு வெளியிலேயே நிகழ்ந்துவிடுகிறது.

இந்த இடைவெளியைக் குறைத்தால் பலன் கிடைக்கும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உள்ளது. சிறிய மருத்துவமனைகளையும் ஆஞ்சியோபிளாஸ்டி வசதி கொண்ட பெரிய மருத்துவமனைகளையும் இணைத்து, ஆம்புலன்ஸ் சேவையுடன் ஒருங்கிணைக்கும் திட்டம் மாநிலத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டது. 2,420 நோயாளிகளை உள்ளடக்கி 2017-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, திட்டத்துக்கு முன்பு 17.6 சதவீதமாக இருந்த ஓராண்டு உயிரிழப்பு, திட்டத்துக்குப் பின்பு 14.2 சதவீதமாகக் குறைந்தது. புதிய மருந்து எதுவுமின்றி, இருக்கும் சிகிச்சையை விரைவாகக் கொண்டுசேர்த்ததன் மூலம் கிடைத்த பலன் இது.

இதயத் தசையைக் காக்கும் மருந்துக்கான தேடல் கைவிடப்படவில்லை. ஒரே மருந்தை நம்பியிராமல் பல வழிகளில் செயல்படும் மருந்துகளை இணைத்துத் தருவது, நோயாளிகளைக் கவனமாகத் தேர்ந்தெடுப்பது, மனிதர்களிடம் செல்வதற்கு முன் பல ஆய்வகங்களில் ஒரே முறையில் விலங்குச் சோதனைகளை மேற்கொள்வது ஆகிய திசைகளில் ஆய்வுகள் தொடர்கின்றன.

அதுவரை, நெஞ்சின் நடுவில் அழுத்தம் அல்லது வலி, இடது கை, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவும் வலி, காரணமின்றி வியர்த்துக் கொட்டுதல், மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால், வாயுக் கோளாறு என்று எண்ணிக் காத்திராமல் 108 போன்ற அவசர ஊர்தி சேவையை அழைத்து, இசிஜி வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவமனையை உடனே அடைய வேண்டும். நீரிழிவு நோயாளிகள், முதியோர், பெண்கள் ஆகியோரில் சிலருக்கு வலி இல்லாமலேயே மாரடைப்பு ஏற்படலாம் என்பதால், அவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. அரை நூற்றாண்டுச் சோதனைகளுக்குப் பின்னரும், இதயத் தசையைக் காப்பதில் விரைவான சிகிச்சைக்கு ஈடான மருந்து இன்னும் கண்டறியப்படவில்லை.